மிலாடாவின் மூன்று தொட்டிகள்

ஹெம்டால் ஊர்த் தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில், பாத்திர அலமாரியின் கதவைத் திறந்தால் உட்புறம் முழுக்கப் பென்சில் எழுத்து. 1891-இல் தொடங்கி வருடத்துக்கு இரண்டு பெயர். ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறிய முன்னோருக்காக அக்டோபரில் எடுக்கிற விழாவின் கடைசி நாள் விருந்துக்கு மீன் ஊற வைத்த இரண்டு பெண்களின் பெயர்கள் அவை. ஊரில் அவர்களைத் தொட்டிக்காரிகள் என்பார்கள். கவர்னர் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிகிறவர்கள்கூட 1934-இல் தொட்டிக்காரிகள் யார் என்றால் பட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த வருடம் மீன் நாறிவிட்டது.

மிலாடா எக்லுண்ட் அந்தக் கதவை இருபத்தொன்பது வருடமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பாத்திரம் எடுக்கத் திறப்பாள், கழுவி வைத்து மூடுவாள். சன் என்றும் லுண்ட் என்றும் பெர்க் என்றும் முடிகிற அந்தப் பெயர்களை மேலிருந்து கீழே ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பாள். அதில் அவள் பெயர் இல்லை. அவள் நாற்பது மைல் தள்ளி, போஹீமியா என்கிற செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறிய கிராமத்திலிருந்து ரூபன் எக்லுண்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அமெரிக்காவின் கான்சஸ் சமவெளியில் நாற்பது மைல் என்பது காய்கறி வாங்கப் போகிற தூரம்தான். ஆனால் ஹெம்டாலுக்கு அது போதும். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மாமியாரைக் கடைசிவரை பார்த்து அடக்கம் செய்து, விழாவுக்கு விழா இருபது மூட்டை உருளைக்கிழங்கு உரித்தும் அவள் ‘ரூபன் கட்டிக்கிட்ட போஹீமியாக்காரி’தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

1978-இல் அவளுக்கு வாய்ப்பு வந்தது, இன்னொருத்தி ஏணியிலிருந்து விழுந்ததால். எலின் என்ற தொட்டிக்காரி தெருவில் மஞ்சளும் நீலமுமாய்க் கொடி கட்டப்போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் மீன் தண்ணீரில் இறங்க வேண்டிய நாள். மற்றொரு தொட்டிக்காரி ஹில்டூர் எக்லுண்ட், ரூபனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், ஊரில் பாதிப்பேர் அவளிடம் கொட்டு வாங்கியவர்கள். பொய் சொல்லத் தெரியாத வாய் அவளுக்கு. நல்ல வார்த்தை சொல்லவும் அந்த வாய்க்குத் தெரியாது.

“வேற ஆளு கிடைக்கல. நீ மூணு தொட்டி பாத்துக்கோ” என்றாள் ஹில்டூர், எல்லோர் முன்னாலும். “எழுதியிருக்கறதப் பாத்துச் செஞ்சா போதும். மூளைய உபயோகிக்காத.”

எழுதியிருப்பது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. முதல் தொட்டிக்காரி தன் கைப்பட எழுதியது. விறகுக் கட்டை போலக் காய்ந்து வருகிற கடல் மீனை ஆறு நாள் நல்ல தண்ணீரில் போடு. பிறகு மூன்று நாள் சோடாக்காரம் கரைத்த தண்ணீரில். பிறகு ஐந்து நாள் தினமும் மாற்றிய நல்ல தண்ணீரில். அவ்வளவுதான். லூட்ஃபிஸ்க் என்கிற அந்தப் பண்டத்தின் உயிர் நடுவில் வரும் மூன்று நாளில் இருக்கிறது. சோப்புக் காய்ச்சுகிற காரம்தான் அது. குறைந்தால் மீனுக்கு நடுவே கட்டை நிற்கும், பல் இறங்காது. மிஞ்சினால் வெந்நீர் பட்டதும் மீன் கூழாகிவிடும். இரண்டில் எது என்பது அடுப்பில் ஏற்றும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஏற்றிய பிறகு தெரிந்து என்ன பயன்? நானூறு பேர் மேலே தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு தொட்டியிலும் காரம் கலந்தார்கள். முந்தின நாளிலிருந்தே வெயில் திரும்பி வந்திருந்தது. அக்டோபரில் அப்படி ஒரு வெயிலை யாரும் பார்த்ததில்லை. தெற்கிலிருந்து அனல் காற்று வீசியது, கோதுமை விதைக்கிறவர்கள் வண்டியிலேயே சட்டையைக் கழற்றினார்கள். அடித்தளத்தில்கூடச் சுவர் வியர்த்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹில்டூர் நாட்டியக் குழுவின் ஒத்திகையை அதட்டப் போயிருந்தாள். மிலாடா ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு, கையைத் தன் முதல் தொட்டியில் விட்டு ஒரு மீனை அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மீன் கை நிறையப் பருத்திருந்தது, விரல் உள்ளே இறங்கி நின்றது. அவள் அம்மா வீட்டில் வருடா வருடம் பன்றிக் கொழுப்பில் சோப்புக் காய்ச்சுவார்கள். காரம் குளிரில் தூங்கும், சூட்டில் கடிக்கும் என்று ஏழு வயதிலேயே விரல் வெந்து கற்றுக்கொண்டவள் மிலாடா. திங்கள் காலைவரை விட்டால் இது மீனாக இருக்காது.

அவள் சுவரைப் பார்த்தாள். மூன்று நாள் என்று அது சொன்னது. கையைப் பார்த்தாள். விரல் நுனி ஏற்கெனவே வழவழத்து எரிந்தது. ஹில்டூரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. தன்னுடைய மூன்று தொட்டியின் அடைப்பையும் பிடுங்கிக் காரத் தண்ணீரை ஓடவிட்டாள். குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஐஸ் கடையிலிருந்து தன் செலவில் எட்டுக் கட்டி வாங்கிவந்து உடைத்துப் போட்டாள். 

மறுநாள் ஞாயிறு ஆராதனை. பாதிரியார் நோவாவைப் பற்றிப் பேசினார், தண்ணீர் தண்ணீர் என்று அரை மணி நேரம். மிலாடாவின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. மூன்று வரிசை முன்னால் ஹில்டூரின் நீலத் தொப்பி. ஆராதனை முடிந்ததும் அந்தத் தொப்பி நேராகக் கீழேதான் போகும். போனது.

மிலாடா இறங்கி வந்தபோது ஹில்டூர் நான்காம் தொட்டியில், மிலாடாவின் முதல் தொட்டியில், கையை விட்டபடி நின்றாள். தண்ணீரில் வழவழப்பு இல்லை என்பதை அந்தக் கை கண்டுபிடித்துவிட்டது.

“யாரு இதுல கை வெச்சது?”

“நான்தான். நேத்து மத்தியானமே வடிச்சிட்டேன்.”

“மூணு நாள்னு எழுதியிருக்கு. உனக்குப் படிக்கத் தெரியும்னு நெனச்சேன்.”

“எழுதினவங்க பனி கொட்டற வருஷத்துல எழுதியிருப்பாங்க, ஹில்டூர். வெளிய தொண்ணூறு டிகிரி அடிக்குது. சூட்டுல காரம் சீக்கிரம் தின்னுடும். உங்க தொட்டியயும் இப்பவே வடிச்சிடுங்க, கெஞ்சிக் கேக்கறேன். எங்கம்மா சோப்பு காய்ச்சறப்ப…”

“இது சோப்பு இல்லம்மா. எங்க ஊரு மீன்.” ஹில்டூர் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பிரம்பை எடுப்பதற்கு முன்னும் அவள் குரலை உயர்த்தியதில்லை. “எண்பத்தேழு வருஷமா ஒருத்தியும் அந்தச் சட்டத்துல கை வெக்கல. திரும்பக் காரத்த ஊத்து.”

“மாட்டேன்.”

தான் சொன்னதைக் கேட்டு மிலாடாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. நாத்தனாரிடம் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை.

“சரி” என்றாள் ஹில்டூர். “அந்த மூணு உன் பேர்ல. இந்த மூணு என் பேர்ல. சனிக்கிழம உன் மீன்ல கட்ட நின்னுச்சுன்னா கதவுல உன் பேரு ஏறாது. நீயும் இந்தப் படிய இறங்க வேண்டாம். ஊருக்கே பதில் நீதான் சொல்லணும்.”

அடித்தளத்தில் நடந்தது அன்று மாலைக்குள் தீவனக் கடைவரை போய்விட்டது. சின்ன ஊருக்கு வாய்தானே தபால். செவ்வாய்க்கிழமை மிலாடா அங்கே ஆணி வாங்கப் போனபோது, கிளாரென்ஸ் நோர்டின் கல்லாவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். எழுபது வயதுக்காரர், விருந்தில் முதல் தட்டு அவருக்குத்தான் என்பது அவர் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

“ஏம்மா மிலாடா, உங்க ஊருல மீன பீர்லதான் ஊறப் போடுவீங்களாமே?”

“ஆமா. மீந்த பீர மாப்பிள்ளைக்குக் குடுப்போம். ரூபன் அப்படித்தான் மாட்டினாரு.”

கடை சிரித்தது. கிளாரென்ஸும் சிரித்தார், ஆனால் விடவில்லை. “நான் இப்பவே சொல்லிட்டேன். எனக்கு ஹில்டூர் தொட்டி மீனுதான். எழுதினபடி ஊறினது. சோதன பண்றதுக்கு வேற யார் வாயாவது பாத்துக்கோ.”

சிரித்தவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். மிலாடா ஆணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வண்டியில் ஏறிய பிறகுதான் கண் நிறைந்தது. நாலாயிரம் மைல் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நாற்பது மைல் தாண்டி வந்தவளை இன்னும் ஊருக்குள் விடவில்லை. இதை யாரிடம் சொல்வது? ரூபனிடம் சொன்னாள். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “அக்காவுக்கும் உனக்கும் நடுவுல நான் வரல, தாயி. எனக்குக் கோதும விதைக்கணும்” என்றார். அப்புறம் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “உனக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டார்.

நிச்சயமாகத் தெரியாது. அதுதான் அந்த வாரம் முழுக்க அவளைத் தின்றது. ஐஸ் போட்ட தண்ணீரில் மீன் இறுகிக்கொண்டே வந்தது. புதன்கிழமை அழுத்திப் பார்த்தபோது நடுவில் ஏதோ தடித்தாற்போல் இருந்தது. எலும்பா, கட்டையா? அவசரப்பட்டு விட்டேனோ? பக்கத்தில் ஹில்டூரின் மீன் அழகாகப் பருத்துப் பளிங்காய்க் கிடந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் மெச்சினார்கள். கண்ணுக்கு அதுதான் மீன், மிலாடாவினுடையது ஏழை வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்தப் பளிங்குதான் அவளைப் பயமுறுத்தியது. வியாழக்கிழமை ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்தாள்.

“ஹில்டூர், உங்க மீனு கண்ணாடியா ஆயிடுச்சு. ஒரு துண்ட இப்ப வேகவெச்சுப் பாத்துடலாமா?”

“விருந்துக்கு முன்னாடி மீன யாரும் தொடறதில்ல. அதுவும் எழுதியிருக்கு.”

எழுதியிருந்ததுதான். அதனால் மிலாடாவும் தன் மீனைச் சோதிக்கவில்லை. பந்தயத்தில் ஒரு சட்டத்தை ஏற்கெனவே மீறிவிட்டவள், இன்னொன்றையும் மீறி ஜெயித்தாள் என்ற பேச்சு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை தெருவில் ஊர்வலம், பிடில், பாவாடை சுழல நாட்டியம், சிவப்புக் குதிரைப் பொம்மை விற்பனை. மிலாடா எதையும் பார்க்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு அண்டாவில் உப்புத் தண்ணீர் கொதித்தது. நான்கு மணிக்கு மேலே கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. நுழைவுச்சீட்டு நானூற்றுப் பன்னிரண்டு போயிருந்தது. உருளைக்கிழங்கும் கறி உருண்டையும் வெந்துவிட்டன, வெள்ளைக் குழம்பு தயார், வெண்ணெய் உருகிவிட்டது. மீன் மட்டும்தான் பாக்கி.

முதல் அண்டா மூத்த தொட்டிக்காரியுடையது. ஹில்டூர் தன் மீனை மெல்லிய துணியில் கட்டி வெந்நீரில் இறக்கினாள். எட்டு நிமிடம். பெண்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். எட்டாவது நிமிடம் ஹில்டூர் முடிச்சைக் கொக்கியால் தூக்கினாள். துணி பாதி மேலே வந்தது. பிறகு அதன் இழைகளின் வழியாகக் கஞ்சி போல ஏதோ வழிந்து அண்டாவுக்குள் திரும்ப விழுந்தது. கடைசியில் கொக்கியில் வெறும் துணியும் நாலு முள்ளும் தொங்கின.

ஹில்டூர் இரண்டாம் தொட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டாள். அதுவும் கரைந்தது. மூன்றாம் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள், எடுக்கவில்லை. கொக்கியைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் நின்றது. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலேயிருந்து ஒருத்தி, “ஜெபம் முடிஞ்சுது, தட்ட அனுப்பலாமா?” என்று படியில் கத்தினாள்.

எல்லோரும் மிலாடாவைப் பார்த்தார்கள். இப்போது அவளுக்கு ஜெயிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கட்டையாக மட்டும் இருக்கக்கூடாது, கடவுளே, இத்தனை பேருக்கு வேறு மீன் இல்லை என்றுதான் இருந்தது. துணியில் கட்டினாள், இறக்கினாள். எட்டு நிமிடத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்க்கத் தைரியம் இல்லாமல் உதட்டுக்குள் எண்ணினாள். தூக்கினாள். முடிச்சு கனமாக வந்தது. தட்டில் அவிழ்த்தபோது மீன் வெள்ளையாக, துண்டாக, அசைந்தபடி உட்கார்ந்தது. முள்கரண்டியை நடுவில் வைத்து அழுத்தினாள். இறங்கியது. அடிவரை இறங்கி, இதழ் இதழாகப் பிரிந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள். மிலாடாதான்.

“மூணு தொட்டி இருநூறு பேருக்குத்தான் வரும்” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஆளுக்குப் பாதித் துண்டு. கறி உருண்டைய ரெண்டு மடங்கா வைங்க. உருளைக்கிழங்கு எவ்வளவு கேட்டாலும் குடுங்க. ஹில்டூர், நீங்க தட்டு எடுத்துட்டுப் போங்க. உங்களத்தான் எதிர்பாப்பாங்க.”

ஹில்டூர் தட்டை எடுத்தாள். நாத்தனார் தன் சொல்லைக் கேட்டு நடந்ததும் அதுதான் முதல் தடவை. மிலாடா குழம்புச் சட்டியோடு பின்னால் ஏறினாள்.

முதல் மேசையில் கிளாரென்ஸ் நோர்டின் கழுத்தில் துணி கட்டித் தயாராக இருந்தார். பாதித் துண்டைப் பார்த்து முகம் சுளித்தார், வாயில் வைத்தார், கண்ணை மூடினார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இதுதான்யா மீனு. எங்கம்மா காலத்துக்கப்புறம் இப்படி நான் தின்னதில்ல. எழுதினபடி செஞ்சா இப்படித்தான் வரும். ஹில்டூர் கையின்னா ஹில்டூர் கைதான்.” மிலாடாவின் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார். “வருத்தப்படாதம்மா. அடுத்த வருஷம் உருளைக்கிழங்கு உரிக்க ஆளு வேணும்.”

பக்கத்து மேசைகள் சிரித்தன. மிலாடாவுக்குக் காது சுட்டது. கையில் சட்டி, அதில் கொதிக்கிற குழம்பு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தானே சொன்னால் அது பீற்றல், அதுவும் ஹில்டூரை நானூறு பேர் முன்னால் அம்மணமாக்குகிற பீற்றல். ஹில்டூர் சொல்லாமல் நகர்ந்துவிட்டால் இந்தக் கதை இப்படியே நின்றுவிடும், எழுத்து ஜெயித்தது என்று. வாயை மூடிக்கொண்டு ஹில்டூரைப் பார்த்தாள். ஹில்டூர் தட்டைப் பிடித்தபடி கிளாரென்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மீனு கீழ இருக்கு, கிளாரென்ஸ்” என்றாள் கடைசியில். வகுப்பறைக் குரல், கடைசி வரிசைவரை போகிற குரல். “கூழா இருக்கு. வேணும்னா கிண்ணத்துல கொண்டு வரேன், கரண்டியால குடி. நீ இப்ப தின்னது அவளோடது.”

 கிளாரென்ஸ் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுங்கினார். தட்டை மெதுவாக மிலாடாவின் பக்கம் நீட்டினார்.

“மீதிப் பாதி இருக்குமா?”

“இல்ல” என்றாள் மிலாடா. “உருளைக்கிழங்கு இருக்கு. நான் உரிச்சது.”

ஏழு மணிக்கு அண்டா கழுவி முடிந்தது. மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். ஹில்டூர் அலமாரிக் கதவைத் திறந்தாள், ஏப்ரன் பையிலிருந்து பென்சிலை எடுத்து 1978 என்று எழுதினாள். தன் பெயரை எழுதவில்லை. பென்சிலை மிலாடாவிடம் நீட்டினாள்.

மிலாடா அந்த மரத்தை இருபத்தொன்பது வருடம் பார்த்தவள், ஆனாலும் கை எழுத மறுத்தது. மெல்ல ‘மிலாடா எக்லுண்ட்’ என்று எழுதி முடித்தாள். ஹில்டூர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி உன் பேரு என்ன?”

“ஹ்ரூபி.”

“அதையும் போடு. பின்னாடி வர்றவ எவளாவது இதப் பாத்து, எக்லுண்ட் வீட்டுக்காரி செஞ்சதுன்னு நெனச்சிடுவா.”

அது குத்தலா, மரியாதையா என்று மிலாடாவுக்குச் சாகிறவரை தெரியவில்லை. ஹில்டூருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இரண்டு சொல்லுக்கும் நடுவே இடம் இல்லாததால், மிலாடா மேலே ஒரு கோடு இழுத்து, ஹ்ரூபி என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள். ஹில்டூர் பென்சிலை வாங்கித் தன் பெயரை அதற்குக் கீழே சின்னதாகப் போட்டாள்.